சார், தந்தி!

நாடகம் பார்க்கத்தான் போனேன் என்று சொன்னால் பொய்யாகிவிடும். கழிப்பறை தேடித்தான் போனேன். மெட்ரோ ரயிலுக்காக லஸ் பக்கம் தோண்டிப் போட்டிருக்கும் புண்ணியத்தில், பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகத்திலிருந்து ஐந்து மணிக்குக் கிளம்பிய வாடகைக் கார் ஆறே முக்காலாகியும் மயிலாப்பூரைத் தாண்டவில்லை. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற ஐம்பத்தெட்டு வயதுக்காரன் எவ்வளவு நேரம்தான் டிரைவரின் பின்மண்டையையே பார்த்துக்கொண்டிருப்பான்? இறங்கிவிட்டேன். எதிரே ஒரு சபா. வாசலில் சட்டைப் பையில் பேட்ஜ் குத்திய பெரியவர் ஒருவர், நான் வாயைத் திறப்பதற்குள், "சீக்கிரம் போங்க சார், மூணாவது மணி அடிச்சாச்சு" என்று உள்ளே அனுப்பிவிட்டார். என் முகத்தில் தெரிந்த அவசரத்தை நாடக ஆர்வம் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது.

மூணாவது மணி. அந்தச் சொல்லைக் கேட்டு முப்பது வருஷம் இருக்கும். முதல் மணிக்கு கேன்டீனில் போண்டாவைப் பிட்டுக்கொண்டிருப்பவர்கள் கொஞ்சம் வேகமாகப் பிடுவார்கள். இரண்டாவது மணிக்குப் பெண்கள் பூவைச் சரிசெய்துகொண்டு குழந்தைகளைத் தேடுவார்கள். மூன்றாவதுக்கு விளக்கு அணைந்து, மொத்த அரங்கமும் ஒரு தடவை இருமி முடித்துவிட்டு, திரையின் அடியில் தெரியும் கால்களைப் பார்த்து யார் வீட்டுக் காட்சி முதலில் என்று ஊகிக்க ஆரம்பிக்கும். என் அப்பா மட்டும் முதல் மணிக்கு முன்பே நாற்காலியில் இருப்பார். ஆபீசுக்கு ஐந்து நிமிஷம் தாமதமாகப் போவதில் அவருக்கு வெட்கமே கிடையாது. நாடகத்துக்கு மட்டும் நேரம் தவற மாட்டார்.

எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை, ஃபோன் இல்லை, சபா அட்டை இருந்தது. இருவர் அனுமதி. அம்மாவுக்குத் தலைவலியோ விருந்தாளியோ வந்தால் அந்த இரண்டாவது நாற்காலி எனக்கு; அதனால் ஏழெட்டு வயதில் நான் வேண்டிக்கொண்ட ஒரே வேண்டுதல் அம்மாவுக்குத் தலைவலி வரவேண்டும் என்பதுதான். மாத நிகழ்ச்சி நிரல் தபாலில் வரும். காலண்டர் ஆணியில் அதையும் சேர்த்து மாட்டிவிட்டு, அந்தத் தேதிகளில் உறவினர் யாரும் சாகக்கூடாது என்பதுபோல அப்பா நடந்துகொள்வார்.

ஆறே முக்காலுக்கு ஆரம்பித்து ஒன்பதுக்குள் முடிந்துவிடும். கடைசி பஸ்ஸுக்காக என்பார்கள். அது பாதிக் காரணம்தான். மேடையில் இருந்தவர்களும் மறுநாள் காலை கையெழுத்துப் போட ஆபீசுக்குப் போக வேண்டியவர்கள். இந்த ஊர் நாடகமே குமாஸ்தாக்களும் வக்கீல்களும் வளர்த்த பிள்ளை. 1891-லேயே சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் வக்கீல், பிறகு நீதிபதி. பகலில் தீர்ப்பு, இரவில் ஒப்பனை. ஏ.ஜி. ஆபீசில் பேரேடுகளுக்கு நடுவே இருந்துகொண்டு நாடகம் எழுதினார் கே. பாலசந்தர். நாகேஷ் ரயில்வேயில் குமாஸ்தா. கிரேஸி மோகன் சுந்தரம் கிளேட்டனில் எஞ்சினியர். மேடையில் ஒருவர் "மேனேஜர் லீவு தரமாட்டேங்கறார்" என்று சொன்னால் அரங்கில் எழும் சிரிப்புக்கு நடிப்பு காரணமில்லை; சொல்கிறவருக்கே உண்மையில் லீவு கிடைத்திருக்காது, கேட்கிறவர்களுக்கும் கிடைத்திருக்காது.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு, வந்த காரியத்தை முடித்துக்கொண்டு வெளியே வரும் வழி தெரியாமல் ஒரு கதவைத் தள்ளினேன். இருட்டு. மூன்றாவது வரிசை. யாரோ காலை மடக்கி வழிவிட்டார்கள். வழிவிட்ட பிறகு உட்காராமல் போவது மரியாதையில்லை.

மேடையைப் பார்த்ததும் முதலில் மனசுக்குள் தேடியது அந்தச் சுவரை. அந்தக் காலத்தில் எல்லா நாடகத்துக்கும் ஒரே வீடுதான்: ரோஸ் கலரில் வர்ணம் பூசிய கித்தான் சுவர், ஒரு சோபா, ஒரு டெலிபோன், மாடிக்குப் போவதுபோல நாலு படி. அந்தப் படி எங்கேயும் போகாது. ஏறிப்போன கதாநாயகி பின்பக்கம் ஏணியில் இறங்கிக்கொண்டிருப்பாள். மாமனார் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தினால் வீடே ஒருமுறை நடுங்கி நிற்கும். மேலேயிருந்து கயிற்றில் மூன்று மைக் தொங்கும். காதலர்கள் எவ்வளவு ஊடலில் இருந்தாலும், நாலடி நடந்து மைக்குக்கு அடியில் வந்துதான் சமாதானமாவார்கள். சாகப்போகிறவரும் அங்கே வந்துதான் விழுவார். இப்போது கன்னத்தில் ஈ உட்கார்ந்ததுபோல ஒரு மைக்கை ஒட்டிக்கொண்டு, நடிகர்கள் எங்கே வேண்டுமானாலும் நின்று பேசுகிறார்கள். எங்கே நின்றாலும் குரல் ஒரே இடத்திலிருந்து, பக்கத்துப் பெட்டியிலிருந்து வருகிறது. சுவருக்குப் பதில் பெரிய எல்.ஈ.டி. திரை. ஜன்னலுக்கு வெளியே மரம் ஆடுகிறது, பறவைகூடப் பறக்கிறது. நாடகம் ஆரம்பித்துப் பத்தாவது நிமிஷம் அந்த வீடு முழுக்க நீலமாகி, 'சிக்னல் இல்லை' என்று இங்கிலீஷில் ஒரு கட்டம் சுவருக்குச் சுவர் மிதக்க ஆரம்பித்தது. கித்தான் சுவர் நடுங்கியதுண்டு. தான் சுவரே இல்லை என்று ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

ஆர்.எஸ். மனோகரின் தந்திரக் காட்சிகள் ஊரையே கட்டிப்போட்டிருந்த காலத்தில், புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதையாக ஒரு குழு எங்கள் பேட்டைக் கோவில் திருவிழாவில் புராண நாடகம் போட்டது. ராமன் விட்ட அம்பு மேடையின் குறுக்கே பறந்து போனது. எனக்கு ஒன்பது வயது, பார்வை கூர்மை. "அப்பா, கம்பி தெரியுது!" என்று கத்தினேன். தொடையில் அப்பா கிள்ளிய இடம் இரண்டு நாள் சிவந்திருந்தது. கம்பி அவருக்கும் தெரிந்துதான் இருக்கும். இன்று என் பேரனோடு மால் தியேட்டரில் பார்க்கிற படங்களில் ஆயிரம் அம்புகள் பறக்கின்றன, ஒரு கம்பி தெரிவதில்லை. அவன் பாப்கார்னிலிருந்து தலை நிமிர்த்துவதுமில்லை.

கம்பியைக் கண்டுபிடித்த அந்தப் பையன்தான் வளர்ந்து இருபத்தைந்து வயதில் ஜோல்னாப் பை மாட்டினான். அவனைப் பற்றிச் சொல்லாமல் தாண்டிவிடலாம் என்று பார்க்கிறேன், விடமாட்டான். ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறையும் ஞாநியின் பரீக்ஷாவும் எழுபதுகளின் கடைசியிலேயே தொடங்கிவிட்டவை. நான் தாமதமாகப் போய்ச் சேர்ந்து, அவற்றை நானே கண்டுபிடித்ததுபோல நடந்துகொண்டேன். தரையில் உட்கார்ந்து, உடம்பாலேயே பேசுகிற நடிகர்களைப் பார்த்தேன். அவர்கள் நல்ல நடிகர்கள். இன்றைக்கும் சில அசைவுகள் கண்ணில் நிற்கின்றன. ஆனால் அப்போது எனக்குப் பிடித்தது நாடகத்தைவிட, முடிந்ததும் டீக்கடையில் நின்று, புரியாததைப் புரிந்ததுபோலப் பேசுவதுதான். அந்தத் தெம்பில் ஒருநாள் அப்பாவிடம், நீங்கள் பார்ப்பதெல்லாம் நாடகமே இல்லை, வெறும் துணுக்குத் தோரணம் என்றேன். பத்திரிகை விமர்சகர்கள் சொல்கிற வார்த்தை, என் சொந்தச் சரக்கில்லை. அப்பா சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார், சபாவுக்குக் கிளம்ப. "தோரணம் கட்டியிருந்தா வீட்டுல ஏதோ விசேஷம்னு அர்த்தம்டா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அப்படிப் பேசிய நானே அதற்கு இரண்டு வருஷம் முன்பு அந்தத் தோரணத்தில் ஒரு மாவிலையாகத் தொங்கியவன். 1989. முதல் வேலை. ஆபீஸ் மனமகிழ் மன்றத்தின் ஆண்டு விழாவுக்கு நகைச்சுவை நாடகம். எழுத்து, இயக்கம், கதாநாயகன் எல்லாம் கணக்குப் பிரிவின் தலைமை குமாஸ்தா. எனக்குத் தந்திச் சேவகன் வேடம். வசனம் இரண்டே வார்த்தை: "சார், தந்தி!" ஒரு மாதம் ஒத்திகை பார்த்தேன். 'சார்'-ஐ அழுத்துவதா 'தந்தி'-யை அழுத்துவதா என்று வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று குழம்பியிருக்கிறேன்.

அப்போதெல்லாம் நாடகம் போட வேண்டுமானால், 1954-ஆம் வருஷச் சட்டம் ஒன்றின்படி, எழுத்துப் பிரதியைக் காவல்துறையிடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். வயதில் சின்னவன் என்பதால் பிரதியோடு என்னை அனுப்பினார்கள். மாமனார், மாப்பிள்ளை, உப்புமா, ஊரிலிருந்து வரும் மாமா என்று போகிற அந்த நகைச்சுவையை ஒரு அதிகாரி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, வாயின் ஓரம்கூட அசையாமல் படித்தார். நான் எதிரே நின்றுகொண்டு, ஒவ்வொரு சிரிப்பு இடத்திலும் அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து வெளிறினேன். கடைசியில் தலை நிமிர்ந்தார். "இங்க தந்தின்னு போட்டிருக்கே. தந்தியில என்ன எழுதியிருக்கு?"

"மாமா வர்றார்னு சார்."

"அது பிரதியில இல்லையே?"

அங்கேயே பேனா வாங்கி, 'மாமா நாளை வருகை' என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். அந்த மூன்று வார்த்தைக்கும் அரசாங்க அனுமதி கிடைத்தது.

விழா நாள். காக்கிச் சட்டை, தோளில் பை, தலையில் தொப்பி. உரிய நேரத்தில் மேடையேறி, 'சார்'-ஐயும் 'தந்தி'-யையும் சமமாகவே அழுத்திச் சொல்லிவிட்டுப் பையில் கைவிட்டால் காகிதம் இல்லை. ஒப்பனை அறை மேஜையிலேயே இருந்துவிட்டது. கை கால்சட்டைப் பைக்குப் போய், அகப்பட்டதை எடுத்து நீட்டியது. காலையில் வந்த பஸ் டிக்கெட். தலைமை குமாஸ்தா அதை வாங்கினார், முன்னால் பார்த்தார், பின்னால் திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு உள்பக்கம் திரும்பி, "அடியே, மாமா கிளம்பிட்டாராம். இருபத்தொன்பது சி-யில நின்னுண்டே வர்றாராம்!" என்றார்.

அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர்வரை அந்த பஸ்ஸில் நசுங்கியவர்கள் அத்தனை பேரும் அந்த ஹாலில்தான் இருந்தார்கள். அரசாங்கம் அனுமதிக்காத வசனம், அனுமதிக்காத சிரிப்பு. நாடகம் இன்னொரு கிளை அலுவலகத்தில் இரண்டாம் முறை நடந்தபோது, தலைமை குமாஸ்தா என்னைத் தனியே அழைத்து, பஸ் டிக்கெட்டையே கொடு என்றார். கொடுத்தேன். மேலே தூக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், சொன்னார். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. யாரோ கொட்டாவி விட்டது மட்டும் மைக்கில் கேட்டது. அன்றோடு என் கலைப்பணி முடிந்தது.

2013 ஜனவரியில், ஞாநி தொடுத்த வழக்கில், அந்தச் சட்டத்தின் அனுமதிப் பிரிவுகள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே வருஷம் ஜூலையில் தந்திச் சேவையையும் நிறுத்திவிட்டார்கள். இனி யாரிடமும் கேட்காமல் நாடகம் போடலாம். அதில் எனக்குத்தான் வேடம் இல்லை.

எப்போது விட்டுப்போனது என்று யோசித்தால் ஒரு தேதி சொல்ல முடியவில்லை. தூர்தர்ஷனில் செவ்வாய்க்கிழமை நாடகம் வந்தபோதே வாசல் திறந்துவிட்டது. 1993-ல் சன் டிவி வந்தது, தொடர்கள் வந்தன, மேடையில் பார்த்த முகங்கள் ஒவ்வொன்றாக எங்கள் வீட்டுக் கூடத்துக்கே வந்து அழ ஆரம்பித்தன. எனக்குக் கல்யாணம், மாற்றல், வீட்டுக் கடன். பிறகு கணினி, பிறகு இரவு எட்டு மணிக்கு அமெரிக்காக்காரன் விழித்து எழுந்ததும் அவனோடு ஒரு கூட்டம். அப்பாவின் தலைமுறைக்கு வேலை ஐந்தரைக்கு முடிந்து வாழ்க்கை ஆறே முக்காலுக்கு ஆரம்பித்தது. எனக்கு இரண்டும் ஒரே ஃபோனில் இருக்கின்றன.

அப்பாவிடம் கடைசிவரை இருந்தது நாடகக் கேசட்டுகள். கிரேஸி மோகன், எஸ்.வி. சேகர் நாடகங்கள் கேசட்டில் விற்றுத் தள்ளிய காலம் அது. கல்யாண வேனில் போட்டால் டிரைவர்கூட முந்திக்கொண்டு வசனம் சொல்வார். அப்பா கேட்டது வசனத்தை அல்ல. ஒரு இடத்தில் கையைத் தூக்கி எங்களை அடக்குவார். அரங்கச் சிரிப்புக்குள்ளே, முதலில் ஒரு கனைப்பு, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு சிரிப்பு. "கேட்டியா? அது நான்!" அவர் போன நாடகம்தானா, அந்த நாளில்தான் பதிவு செய்தார்களா, யாருக்குத் தெரியும்? அம்மா மட்டும், "ஊரான் சிரிப்பெல்லாம் இவர் சிரிப்பு" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போவாள். இப்போது அந்த நாடகங்களெல்லாம் யூடியூபில் கிடைக்கின்றன, விளம்பரத்தோடு. அந்தக் கனைப்பு வருவதற்கு முந்தின விநாடியில் எண்ணெய் விளம்பரம் வந்துவிடுகிறது.

மூன்றாவது வரிசையை விட்டுவிட்டு எங்கெங்கோ போய்விட்டேன். மேடையில் 'சிக்னல் இல்லை' போய்ச் சுவர் திரும்பி வந்திருந்தது. வயதான தம்பதி, அமெரிக்காவில் மகன். அந்தக் காலத்து நாடகத்தில் மாமா ஊரிலிருந்து வந்துவிடுவாரே என்று பயந்தார்கள். இந்தக் காலத்து நாடகத்தில் மகன் ஊருக்கு வரமாட்டானே என்று அழுகிறார்கள். சுற்றிலும் பார்த்தேன், பாதிக்கு மேல் நரைத்த தலைகள், நாற்காலி ஓரத்தில் சாய்த்து வைத்த கைத்தடிகள். மேடைக்கும் அரங்கத்துக்கும் கதையில் வித்தியாசமில்லை. எனக்குள்ளிருந்த ஜோல்னாப் பைக்காரன் 'துணுக்கு' என்று எண்ண ஆரம்பித்து, ஏழாவதில் எண்ணிக்கையை மறந்து சிரித்துவிட்டான்.

கடைசிக்கு முந்தின காட்சி. கிழவருக்கு மறுநாள் ஆபரேஷன். மேஜைமேல் ஃபோன். இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பேச்சில்லை, பின்னணி இசையில்லை. அத்தனை பேர் மூச்சைப் பிடித்திருக்கிற நிசப்தம் எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அப்போது ஃபோன் அடித்தது. மேஜைமேல் இருந்தது அல்ல. என் சட்டைப் பையில் இருந்தது.

என்னைவிட இருபது வயது இளையவரான என் மேலாளர். எட்டு மணிக் கூட்டம். அவசரத்தில் ஃபோனைக் கீழே நழுவவிட்டேன். அது நாற்காலிக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டு, வெளிச்சமும் சத்தமுமாக, விடாமல் கூப்பிட்டது. நான் மண்டியிட்டுத் துழாவிக்கொண்டிருக்கும்போது மேடையிலிருந்து குரல் வந்தது. கிழவர் எழுந்து, கண்ணைச் சுருக்கி, சரியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம பையன்தாண்டி. நம்பரை மாத்திப் போட்டுட்டான்." பிறகு என்னிடம், கொஞ்சம் தாழ்ந்து, "எடுங்க சார். அப்பா நன்னா இருக்கார்னு மட்டும் சொல்லிடுங்க."

அரங்கம் ஒரு விநாடி தயங்கி, அப்புறம் இடிந்து விழுந்தது. சிரிக்கிறவர்களில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் தரையில் மண்டியிட்டபடி, கையில் ஃபோனோடு, மேடையில் நிற்பவனைப்போல வியர்த்தேன். முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு மறுபடியும் ஒரு சேதியைத் தப்பான காகிதத்தில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன். ஃபோனை அணைத்தேன். எட்டு மணிக் கூட்டம் நான் இல்லாமல் நடந்தது. நடந்தது என்பதை மறுநாள் பார்த்துக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

பத்து நாள் கழித்து தி. நகர்ப் பக்கம் இன்னொரு சபாவில் அதே நாடகம். இந்த முறை முறைப்படி, செயலியில் டிக்கெட்டும் அதற்குச் சேவைக் கட்டணமும் கொடுத்து, மனைவியோடு போனேன். இரண்டாவது மணிக்கே ஃபோனை அணைத்துவிட்டேன். கடைசிக்கு முந்தின காட்சி. மேஜை, ஃபோன், நிசப்தம். எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் ஒரு பையனின் பையிலிருந்து மணி அடித்தது. அவன் மேடையைப் பார்த்துக்கொண்டே, எந்தப் பதற்றமும் இல்லாமல், அதை அடிக்கவிட்டான். கிழவர் எழுந்தார், கண்ணைச் சுருக்கினார், சொன்னார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. "இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஒரு இங்கிதம் கிடையாது" என்று பின்னாலிருந்து ஒரு அம்மாள் சொன்னது மட்டும் கேட்டது. எனக்குத் தொண்டையில் ஏதோ கிச்சுக்கிச்சு மூட்டியது. அடக்கப் பார்த்து, கனைத்து, கனைப்பை அடக்க முடியாமல் வாய்விட்டே சிரித்துவிட்டேன். முன்வரிசைகள் திரும்பிப் பார்த்தன. அந்தப் பையனும் நன்றியோடு பார்த்தான்.

"எதுக்கு இப்போ சிரிச்சீங்க?" என்றாள் மனைவி.

வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்றேன்.